பன்னிரண்டுக்கு ஏழு, இருந்தும் தோற்றேன்: கைகலப்பு விதியை என்ன செய்யலாம்?

காலண்டர் அட்டை (பாளையங்கோட்டை)

எல்லாருக்கும் வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

மூன்று வருஷமாக ஒரு வார்கேம், அதாவது காய் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு, செய்துகொண்டிருக்கிறேன். பாஞ்சாலங்குறிச்சி, 1801. பிப்ரவரி 2ஆம் தேதி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்புவதில் ஆட்டம் தொடங்கும். மே 24, கோட்டை விழுந்த நாளோடு முடியும். நான் தினம் வேலைக்குப் போகிற வழியில்தான் மேடை போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. பழைய பாளையங்கோட்டைக் கோட்டையின் மிச்சம் அது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் கிறுக்கு பிடித்தது என்று வீட்டில் சொல்கிறார்கள், மறுப்பதற்கில்லை. சார்ட் பேப்பரில் அறுகோணக் கட்டம் போட்டு நானே வரைந்த வரைபடம். பழைய காலண்டர் அட்டையில் ஒட்டி வெட்டிய 94 காய்கள். கம்பெனிப் படை சிவப்பு, ஊமைத்துரை ஆட்கள் பச்சை, கம்பெனியோடு நின்ற எட்டயபுரத்து ஆட்கள் மஞ்சள். ஃபேனைப் போட்டால் மஞ்சள் காய் மட்டும் பறக்கும், அந்த அட்டை மெலிசு.

நகர்வு, துப்பாக்கிச் சூடு, பீரங்கி எல்லாம் ஓரளவு படிந்துவிட்டன. கைகலப்பில்தான் வண்டி நிற்கிறது. அதாவது ஒரு படை ஏறிப்போய் எதிரி இருக்கும் கட்டத்துக்குள்ளேயே புகுந்தால் என்ன ஆகும் என்கிற விதி.

சிங்கப்பூரில் இருக்கும் அத்தான் ஒரு தடவை 'காம்பாட் கமாண்டர்: யூரோப்' கொண்டுவந்தார், ஜிஎம்டி நிறுவனம் 2006ல் போட்ட வார்கேம். அதில் கைகலப்பு ரொம்பச் சுருக்கம். இரண்டு பக்கமும் தங்கள் பலத்தைக் கூட்ட வேண்டும், அதோடு இரண்டு பகடையின் கூட்டுத்தொகையைச் சேர்க்க வேண்டும். கூடுதல் வந்தவர் நிற்பார், மற்றவருடைய காய் மொத்தமும் அவுட். சமமாக வந்தால் இரண்டு பக்கமும் காலி. (அந்த ஆட்டத்தில் பகடையே கிடையாது, சீட்டில் பகடை அச்சடித்திருக்கும். நான் நிஜப் பகடையையே உருட்டுகிறேன்.) விதி எனக்குப் பிடித்துவிட்டது, அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நான் கம்பெனி. சித்தப்பா மகன் ஊமைத்துரை பக்கம். முள்வேலியைக் கடந்து, பீரங்கியை நகர்த்தி, வடகிழக்குக் கொத்தளத்தில் உடைப்பு ஏற்படுத்தவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் தலா 4 பலமுள்ள மூன்று காய், மொத்தம் 12. உள்ளே அவனுக்கு இரண்டு காய், 4ம் 3ம், மொத்தம் 7. நான் உருட்டினேன்: 2, 1. மூன்று. அவன் உருட்டினான்: 5, 4. ஒன்பது. எனக்கு 15, அவனுக்கு 16. ஒரே ஒரு புள்ளியில் மூன்று காயும் போயிற்று, அதோடு ஆட்டமும் போயிற்று. அவன் சிரித்துக்கொண்டே, "அசால்ட்டா உன் அசால்ட்ட முறிச்சிட்டேன் பாத்தியா" என்றான். நடையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஆச்சி எட்டிப் பார்த்து, "ஏல, ரெண்டு மணி நேரமா இருந்து ஒரே ஒரு தடவதான் உருட்டுனியளா?" என்று கேட்டாள்.

நான் முயன்று பார்த்தவை:

ஆளுக்கு ஒரே பகடை. அப்படியானால் 12க்கு 7 என்றால் தோல்வியே கிடையாது. தம்பி எண்ணிப் பார்த்துவிட்டு முந்தின முறையிலேயே கொத்தளத்தைக் காலி செய்துவிடுகிறான். மோதலே நடப்பதில்லை.

விகித அட்டவணை. 1954ல் சார்லஸ் ராபர்ட்ஸ் வெளியிட்ட 'டாக்டிக்ஸ்' முதல் வழக்கத்தில் இருக்கிற மூன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்கிற முறை. ஏறுகிறவர் பலம் எதிரி பலத்தைப் போல எத்தனை முழு மடங்கு என்று பார்த்து, பகடை உருட்டி அட்டவணையில் முடிவைத் தேட வேண்டும். இதில் வேறு ஒரு நோய் வந்தது. 20க்கு 7 என்றால் இரண்டுக்கு ஒன்று, 21க்கு 7 என்றால் மூன்றுக்கு ஒன்று. அந்த ஒற்றைப் புள்ளிக்காகத் தெற்கே சும்மா நிற்கிற எட்டயபுரத்துக் காயை இழுத்து வருவதும் திருப்பி அனுப்புவதுமாக ஒரு முறைக்குக் கால் மணி நேரம். போர் போலவே இல்லை, ரேஷன் கடைக் கணக்கு போல இருந்தது.

பகடையே இல்லாமல், இருவருக்கும் நிலையான இழப்பு. பத்து நிமிஷத்தில் தூக்கம் வந்துவிட்டது.

என் கேள்வி இரண்டு. கைகலப்பில் அதிர்ஷ்டம் எவ்வளவு இருந்தால் நியாயம்? அப்புறம், இதுவரை 11 தடவை ஆடியதில் கம்பெனி ஜெயித்தது 3. இது பகடையின் கோளாறா, ஆட்டத்தின் சமநிலையே கோணலா?

கடலைமிட்டாய் (கோவில்பட்டி)

அண்ணே, பகடையே ஆகாதுன்னா ஆடு புலி ஆட்டம் இருக்கு. 3 புலி, 15 ஆடு, உருட்டவே வேண்டாம். தோத்தா சித்தப்பா மகன் கிட்ட "எனக்கு மூளை இல்ல"ன்னு நேரடியா ஒத்துக்கிடலாம். 94 காய் வெட்டுன நேரத்துக்கு தரையில சாக்பீஸ்ல கோடு போட்டிருந்தா போதும்.

ஈரடுக்குப் பாலம் (ஜங்ஷன்)

காம்பாட் கமாண்டரிலிருந்து பாதியைத்தான் எடுத்திருக்கிறீர்கள். இனிஷியேட்டிவ் அட்டை எங்கே? அது யார் கையில் இருக்கிறதோ அவர் "இது செல்லாது, மறுபடி எடு" என்று சொல்லலாம். சொன்ன உடனே அட்டை எதிராளிக்குப் போய்விடும். அந்த ஆட்டத்தில் கைகலப்பு அவ்வளவு கடுமையாக இருக்க முடிவதற்கு இந்த அட்டையும் ஒரு காரணம். 3 விழுந்ததும் அட்டையைக் கொடுத்துத் திரும்ப உருட்டியிருப்பீர்கள். அவனுக்கு அட்டை வந்திருக்கும், அடுத்த பிரச்சினை அவனிடம் ஆரம்பித்திருக்கும். மசாலாவை விட்டுவிட்டுக் குழம்பு உப்புக் கரிக்கிறது என்றால் எப்படி?

தென்காசி சாரல்

அண்ணன், நான் ப்ளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். விடைத்தாள் திருத்துவதைத் தள்ளிப்போட ஒரு சாக்கு கிடைத்தது, உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டேன்.

இருவரும் ஆளுக்கு இரண்டு பகடை உருட்டினால் மொத்தம் நான்கு பகடை, 1296 வழிகள். உங்களுக்கு 5 புள்ளி கூடுதல். அப்படியும் நீங்கள் தோற்கிற வழிகள் 70, இரண்டு பக்கமும் அழிகிற வழிகள் 56. கூட்டினால் 126, அதாவது நூற்றுக்கு 9.7. தனியாகப் பார்த்தால் சின்ன எண்தான். ஆனால் ஒரு ஆட்டத்தில் இதே போல ஆறு மோதல் வரும் என்று வையுங்கள். ஆறில் ஒன்றாவது இப்படிக் கவிழ்வதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 46. கிட்டத்தட்ட காசு சுண்டுவது மாதிரி. ஒரு தடவை கவிழ்ந்தால் ஆட்டமே முடிகிறது என்றால், பாதி ஆட்டங்கள் இப்படித்தான் முடியும். போன ஞாயிறு நடந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

இன்னொன்று. பகடையைக் கூட்டினால் முடிவு சீராகும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. இரண்டு பகடையில் 7 அடிக்கடி வரும், 2ம் 12ம் அரிது, அது உண்மை. ஆனால் பலத்தின் வித்தியாசம் அதே 5ஆக இருக்கும்போது பகடையின் வீச்சு மட்டும் கூடிவிடுகிறது. ஆளுக்கு ஒரு பகடை என்றால் அந்த 5ஐத் தாண்ட வழியே இல்லை, 36ல் ஒரு தடவை சமன் ஆகும், அவ்வளவுதான். அதனால்தான் உங்களுக்கு ஒன்றில் சப்பென்று இருந்தது, இன்னொன்றில் வயிறு எரிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும்.

வீட்டில் தாயக்கட்டை இருக்கிறதா? சும்மா கேட்கவில்லை. பித்தளைக் கட்டை ஒன்றுக்கு நான்கு பக்கம்: வெறுமை, 1, 2, 3. இரண்டு கட்டைக்கு 16 வழி. 3 விழ நான்கு வழி, 2க்கும் 4க்கும் மும்மூன்று, தாயத்துக்கும் 5க்கும் இரண்டிரண்டு, 6க்கு ஒன்று. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பூஜ்யம் இல்லை, பன்னிரண்டு! அதுவும் ஒரே வழி. நடுவில் குவிகிற பகடை, ஆனால் 16ல் ஒரு தடவை எல்லாவற்றையும் புரட்டிப் போடும். உங்கள் 12க்கு 7 மோதலை இதில் போட்டால் 256 வழிகளில் 15ல் நீங்கள் தோற்பீர்கள், நூற்றுக்கு 5.9. பழைய முறையில் தோல்வி மட்டும் 5.4. எண் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இதில் அந்த 15 வழியிலும் எதிராளிக்குப் பன்னிரண்டு விழுந்திருக்கும். "ஒரு புள்ளியில் போச்சே" என்று பல்லைக் கடிப்பதற்குப் பதிலாக "அவனுக்குப் பன்னிரண்டு விழுந்துட்டு" என்று ஊருக்கே சொல்லலாம். தாயம் ஆடி வளர்ந்தவர்களுக்கு அந்தத் தோல்வி புரியும்.

11ல் 3 பற்றி. துல்லியமாகச் சமமான ஆட்டத்திலேயே 11ல் மூன்றோ அதற்குக் குறைவோ ஜெயிப்பதற்கு நூற்றுக்கு 11 வாய்ப்பு உண்டு. இதை வைத்துக் கோணல் என்று சொல்ல முடியாது. அதைவிட முக்கியம்: எப்போதாவது பக்கம் மாறி ஆடினீர்களா? எல்லாத் தடவையும் நீங்கள் சிவப்பு, தம்பி பச்சை என்றால் அளந்தது ஆட்டத்தை இல்லை, உங்கள் இருவரை.

அம்பை அண்ணாச்சி

தம்பி, ரசித்து வாசித்தேன். பம்பாயில் வேலையாக இருந்தபோது 'அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்' பிடித்துக்கொண்டது, 1985ல் அவலான் ஹில் போட்டது. அந்த விதிப் புத்தகத்தின் கனத்தைப் பார்த்துவிட்டு என் வீட்டம்மா, வக்கீலுக்குப் படிக்கிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தாள்.

அதில் கைகலப்பு எப்படி என்றால், சமபலமான இரண்டு படை ஒரே கட்டத்தில் மோதினால் இரண்டு பகடையில் 5க்குக் கீழே விழுந்தால்தான் எதிரி அழிவான். 36ல் 6 வழி. சரியாக 5 என்றால் பாதிச் சேதம். மற்றபடி ஒன்றும் ஆகாது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அதே கட்டத்தில் கிடப்பார்கள். அடுத்த முறை நீ உதவிக்கு இன்னொரு காயை அனுப்பலாம், அல்லது அவர்களை அப்படியே கிடக்கவிட்டு வேறு பக்கம் முன்னேறலாம். முதன்முதலில் ஆடியபோது இது என்ன மந்தமான விதி என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, ஒவ்வொரு உருட்டலுக்கும் நடுவில் எனக்கு ஒரு முடிவு எடுக்கக் கிடைக்கிறது. உங்கள் ஆச்சி கேட்டது ரொம்பச் சரியான கேள்வி. இரண்டு மணி நேர உழைப்பை ஒரே உருட்டலில் வைத்தால் பகடை எவ்வளவு நல்ல பகடையாக இருந்தாலும் வயிறு எரியும்.

சரி, அந்த ஆட்டத்தை விடுங்கள். உங்கள் கோட்டையைப் பார்ப்போம். 1799 செப்டம்பர் 5ல் கம்பெனித் தளபதி பானர்மேன் ஏறினான், முறியடிக்கப்பட்டான். ஆனாலும் சில நாளில் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 1801 மார்ச் 31ல் மெக்காலே ஏறினான், அதுவும் தோல்வி. அப்புறம் கூடுதல் படையும் பீரங்கியும் வந்து, அக்னியூ தலைமையில் மே 24ல் கோட்டை விழுந்தது. பெரிய அளவில் ஏறிய மூன்றில் கம்பெனி ஜெயித்தது ஒன்று. உங்கள் 11ல் 3 அதற்கு அவ்வளவு தூரம் இல்லையே!

ஏன் தோற்றான் என்றும் பாருங்கள். கம்பெனிக்காரன் பகடை சரியில்லாமல் தோற்கவில்லை. மண் கோட்டை, பீரங்கி உடைப்பு போட்டது, ஆள் மேலே ஏறியும் விட்டான். ஆனால் கொத்தளம் உள்ளே குடைவாக இருந்தது, மேலே வந்தவனுக்குக் கால் ஊன்ற இடமில்லை. கீழேயிருந்து நீள நீளமான ஈட்டி. இது அவனுக்கு ஏறும் வரை தெரியாது. உங்கள் ஆட்டத்தில் தம்பியின் 4ம் 3ம் உங்கள் கண்ணெதிரே மல்லாந்து கிடக்கின்றன. மூன்று காயை வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் போகிறீர்கள். மெக்காலேக்கு அந்த வசதி இருந்ததா? கொத்தளத்துக் காய்களைக் கவிழ்த்து வையுங்கள். ஒன்றிரண்டு வெற்றுக் காயும் கலந்திருக்கட்டும். அதிர்ஷ்டத்தில் பாதியை உருட்டலிலிருந்து எடுத்து இங்கே வைத்துவிடலாம். தெரியாத இடத்துக்குள் போய் அடிபட்டால் "வேவு பார்க்காமல் போனது என் தப்பு" என்று மனசு ஆறும். 1824ல் ரைஸ்விட்ஸ் பிரஷ்யப் படைக்காகச் செய்த கிரீக்ஸ்ஷ்பீல் என்கிற போர் விளையாட்டில் பகடையும் உண்டு, எதிரியை மறைத்து வைப்பதும் உண்டு.

கடைசியாக ஒன்று. மார்ச் 31ல் தோற்றவன் ஆட்டத்தை மடித்து வைத்துவிட்டுப் போகவில்லை. 54 நாள் உட்கார்ந்திருந்தான். உங்கள் ஒரு முறை ஒரு வாரம் என்றால் எட்டு முறை. கம்பெனிக்குத் தோல்வியின் விலை நாளாக இருக்கட்டும், காயாக மட்டும் இருக்க வேண்டாம். அந்த எட்டு வாரத்தில் ஊமைத்துரை பக்கத்துக்கு வேறு பாளையத்திலிருந்து ஆள் சேர்கிறதா என்று பாருங்கள். எத்தனை வாரம் தாக்குப்பிடித்தால் பச்சைக்கு வெற்றி என்று அந்த எண்ணை ஏற்றி இறக்கிச் சமநிலையைச் சரி செய்யலாம். காயின் பலத்தில் கை வைக்கவே வேண்டாம்.

கடலைமிட்டாய் (கோவில்பட்டி)

அண்ணாச்சி சொன்னதுக்கு மேல நான் பேசல. ஆடு புலிய வாபஸ் வாங்கிக்கிடுதேன்.

காலண்டர் அட்டை (பாளையங்கோட்டை)

இரண்டு ஞாயிறு கழித்து எழுதுகிறேன். டீச்சர், அண்ணாச்சி, பாலம், மூன்று பேர் சொன்னதையும் கலந்தேன். கடலைமிட்டாய்க்கும் நன்றி, தரையில் சாக்பீஸ் யோசனை நல்லதுதான், காய் பறக்காது.

இப்போது விதி இப்படி. தாயக்கட்டை. மோதல் ஒரே உருட்டலில் முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் உருட்டிக் கூட்டுவோம், தோற்றவர் ஒரு காயை மட்டும் எடுப்பார். அப்புறம் இருவருமே "நிற்கிறேன்" அல்லது "விலகுகிறேன்" என்று சொல்ல வேண்டும். விலகினால் மிச்சக் காய் பிழைக்கும், ஆனால் கம்பெனி அந்தக் கொத்தளத்தில் மறுபடி ஏற நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். எட்டு வைத்துப் பார்த்தேன், தம்பிக்குக் கொட்டாவி வந்துவிட்டது. கொத்தளத்துக் காய்கள் கவிழ்த்து. பாலம் சொன்ன மறு உருட்டல் அட்டையும் உண்டு, பழைய சினிமா டிக்கெட்டைத்தான் அட்டையாக வைத்திருக்கிறோம்.

முதல் தடவையாகப் பக்கம் மாறினோம். நான் பச்சை. அதே வடகிழக்குக் கொத்தளம். தம்பி மூன்று காயோடு ஏறினான், 12. என்னிடம் 7, அவனுக்குத் தெரியாது. முதல் சுற்றில் அவனுக்கு 4, எனக்குத் தாயம். டிக்கெட்டைக் கொடுத்தேன், மறுபடி உருட்டினேன்: இரண்டு கட்டையும் வெறுமை! நடையிலிருந்து ஆச்சி, "பன்னெண்டு!" என்று எனக்கு முன்னால் கத்தினாள். 16க்கு 19. அவன் ஒரு காயை எடுத்தான், இப்போது 8க்கு 7. டீச்சர் கணக்கை நானே ஒட்டிப் போட்டுப் பார்த்தேன், அந்த நிலையில் ஏறுகிறவன் தோற்பது நூற்றுக்கு 26 சொச்சம்தான், அவனுக்கு இன்னும் சாதகம். ஆனால் உள்ளே இன்னும் எத்தனை காய் என்று அவனுக்குத் தெரியவில்லை. கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு, கவிழ்ந்து கிடக்கும் என் காய்களையே ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷத்தில் அவன் இந்த ஆட்டத்தில் அவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை. "விலகுதேன்" என்றான். கடைசியில் 15ஆவது வாரம் உள்ளே வந்துவிட்டான், ஆனாலும் ஒருவரும் பகடையைக் குறை சொல்லவில்லை.

ஒரு விஷயம் மட்டும் இடிக்கிறது. அன்றைக்கு மொத்தம் எத்தனை பன்னிரண்டு விழுந்தது என்று தெரியவில்லை, ஆனால் நிறைய.

தென்காசி சாரல்

அது எந்தக் கட்டை அண்ணன்? பழையதா? ஓரம் தேய்ந்திருந்தால் ஒரு பக்கமாகவே விழும். 160 தடவை உருட்டி எழுதிப் பாருங்கள். பன்னிரண்டு சுமார் 10 தடவை வர வேண்டும். 7லிருந்து 13 வரை வந்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

காலண்டர் அட்டை (பாளையங்கோட்டை)

ஆச்சி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த கட்டை. நேற்று ராத்திரி உட்கார்ந்து 160 உருட்டினேன். பன்னிரண்டு 17.

தென்காசி சாரல்

ம்ம். சந்தேகம்தான், முடிவு கட்ட முடியாது. இன்னொரு 160 போடுங்கள்.

காலண்டர் அட்டை (பாளையங்கோட்டை)

போடலாம் டீச்சர். ஆனால் இப்போதுதான் யோசிக்கிறேன், தாயத்தில் ஆச்சி தோற்று நான் பார்த்ததே இல்லை.